பட்டதைப் பட்டதென்று சொல்வோம்



பரிசு என்றால் யாருக்குத்தான் ஆசையில்லை? ஆண்டு விழா மேடையில் நம் பெயரை ஒலிபெருக்கியில் அழைக்கும்போது நெஞ்சு படபடக்கிறது. சிறப்பு விருந்தினர் கையால் கோப்பையைப் பெற்றுக்கொண்டு திரும்பும்போது, அம்மா எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்று கண்கள் தேடுகின்றன. இந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. நானும் அந்த மேடையில் ஏறியவள்தான். ஆனால் அங்கே நின்று வாங்கிய ஒரு கோப்பையை எண்ணி இரண்டு ஆண்டுகளாக என் மனம் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த உறுத்தலை வெளியே சொல்லும் துணிவை எனக்குத் தந்தது, கடல் கடந்த நாட்டில் வாள்வீச்சு வீரர்களுக்கு வழங்கப்படும் ஒரு பட்டத்தின் கதை. முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு, அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் என் பெரியம்மா மகள் வந்திருந்தாள். அக்கா அங்கே வாரந்தோறும் வாள்வீச்சுப் பயிற்சிக்குப் போகிறாள் என்ற செய்தியே எங்கள் வீட்டுக்குப் புதுமை. "கல்யாண வயதில் இவளுக்குக் கத்தி எதற்கு?" என்று பாட்டி தலையில் கைவைத்துக்கொண்டார். அக்கா சிரித்துக்கொண்டே தன் கைப்பேசியில் சில படங்களைக் காட்டினாள். அவற்றில் ஒன்றில், பழங்கால உடையணிந்த ஒரு பெரியவர் கையில் நீண்ட மெல்லிய வாளுடன் நின்றார். அவர் தோள்களின்மீது வெண்ணிறக் கழுத்துப் பட்டை ஒன்று படிந்திருந்தது.

"இவர் எந்தப் போட்டியில் ஜெயித்தார் அக்கா?" என்று கேட்டேன்.

"இது ஜெயித்ததற்குக் கொடுப்பது இல்லையடி. எத்தனை போட்டியில் ஜெயித்தாலும் அதற்காக மட்டும் இதைக் கொடுக்க மாட்டார்கள்" என்றாள் அக்கா.

எனக்கு வியப்பாக இருந்தது. வெற்றிக்குத் தராத பரிசா? பிறகு எதற்குத் தருகிறார்கள்? இரவு வெகுநேரம் வரை அக்காவைத் தூங்கவிடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

விளையாட்டாகப் பிறந்த அரசுகள்

1966ஆம் ஆண்டு மே முதல் நாள், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரில், டயானா பாக்ஸன் என்பவரின் வீட்டுக் கொல்லையில் நண்பர்கள் சிலர் கூடினார்கள். இடைக்கால ஐரோப்பாவின் வரலாற்றிலும் கதைகளிலும் ஊறிப்போன இளைஞர்கள் அவர்கள். அக்கால வீரர்களைப் போல உடுத்து, அக்கால முறையில் ஒரு போர் விளையாட்டு நடத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஒருநாள் கேளிக்கையாகத் தொடங்கிய அது, 'சொஸைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரானிஸம்' என்ற பெயரில் பெரிய சங்கமாக வளர்ந்துவிட்டது. சுருக்கமாக எஸ்.சி.ஏ. என்பார்கள். அதன் உறுப்பினர்கள் 17ஆம் நூற்றாண்டுக்கு முந்திய வாழ்க்கையைத் தேடிப் படித்து, அக்காலத்து உடையைத் தைத்து, உணவைச் சமைத்து, நடனத்தை ஆடி, வாள்வீச்சைப் பயின்று அதை மீண்டும் கண்முன் கொண்டுவர முயல்கிறார்கள்.

உலகின் பல பகுதிகளில் பரவியுள்ள இந்தச் சங்கத்தை 20 'இராச்சியங்களாக'ப் பிரித்திருக்கிறார்கள். அக்கா வாழும் நியூ ஜெர்சி 'கிழக்கு இராச்சியத்தை'ச் சேர்ந்தது. ஐரோப்பாவுக்கு ஓர் இராச்சியம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சேர்த்து ஓர் இராச்சியம். ஒவ்வொன்றுக்கும் அரசரும் அரசியும் உண்டு. பிறப்பால் வரும் அரசுரிமை அன்று அது. கவசம் பூண்டு பிரம்பு வாட்களால் பொருதும் போட்டியில் வென்றவர், தம் துணையுடன் சில மாதங்கள் அரியணையில் இருப்பார். பிறகு அடுத்தவருக்கு வழிவிட்டு, திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல அலுவலகம் போவார்! நாடகம்போலத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இந்த அரசுகளில் பல பட்டங்கள் உண்டு. அவற்றுள் மிக உயர்ந்தவற்றைப் பெற்றவர்கள் 'பியர்' எனப்படுவர். கவசப் போரில் தேர்ந்தவர்க்கு 'நைட்' என்னும் வீரர் பட்டம். கலையிலும் ஆராய்ச்சியிலும் சிறந்தவர்க்கு 'லாரல்' என்னும் பட்டம். சமையற்கட்டிலும் கணக்குப் புத்தகத்திலும் உழைத்து, பிறருக்காகத் தம்மைத் தேய்த்துக்கொண்டவர்க்குப் 'பெலிக்கன்' பட்டம். தன் நெஞ்சைக் கொத்திக் குருதியால் குஞ்சுகளை ஊட்டும் பெலிக்கன் பறவையின் உருவத்தை நம்மில் பலர் கோயில் பீடங்களில் கண்டிருப்போம். அதே பறவைதான் அந்தத் தொண்டர்களின் சின்னம்.

ஆனால் 'ரேப்பியர்' எனப்படும் நீண்ட மெல்லிய வாளைக்கொண்டு பயில்வோருக்கு நெடுங்காலம் இந்த வரிசையில் இடமில்லை. சில இராச்சியங்களில் அவர்களுக்கு வெள்ளைத் துணிப்பட்டை தந்து சிறப்பித்தார்கள் என்றாலும், அது உச்சநிலைப் பட்டமாகக் கருதப்படவில்லை. பல ஆண்டுகள் விவாதம் நடந்து, 2015ஆம் ஆண்டில்தான் 'ஆர்டர் ஆஃப் டிஃபென்ஸ்' என்ற புதிய வரிசை உண்டாயிற்று. அதில் சேர்க்கப்படுபவர் 'மாஸ்டர்' அல்லது 'மிஸ்ட்ரஸ்' என்று அழைக்கப்படுவார். மூன்று வாட்கள் சேர்ந்த சின்னமும், அக்காவின் படத்தில் நான் கண்ட வெண்ணிறக் கழுத்துப் பட்டையும் அதற்குரிய அடையாளங்கள்.

பழைய லண்டனில் ஒரு தேர்வு

பெயருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னர் 1540ஆம் ஆண்டில் லண்டன் வாள்வீச்சு ஆசான்களுக்கு ஆணை ஒன்று வழங்கினார். 'மாஸ்டர்ஸ் ஆஃப் டிஃபென்ஸ்' என்ற பெயரில் அவர்கள் ஒரு கழகமாக இயங்கினார்கள். அதில் நான்கு படிகள் இருந்தன: மாணவர், தேர்ந்த மாணவர், துணை ஆசான், ஆசான். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போவதற்குப் பல ஆண்டுகள் பயில வேண்டும். பிறகு பொதுமக்கள் பார்க்க மேடையேறி, ஏற்கெனவே அந்தப் படியை அடைந்தவர்களுடன் ஒருவர் பின் ஒருவராகப் பல வகை வாட்களைக் கொண்டு பொருத வேண்டும். சத்திரத்து முற்றங்களிலும் நாடக அரங்குகளிலும் இந்தத் தேர்வுகள் நடந்தன.

அந்தக் கழகத்தின் பதிவேடு இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் 1587ஆம் ஆண்டு ஆசானாகத் தேறியவர்களுள் ஒருவர் பெயர் டார்ல்டன். எலிசபெத் அரசியைச் சிரிக்கவைத்த புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் ரிச்சர்டு டார்ல்டன்தான் அவர். ஊரைச் சிரிக்கவைப்பவரானாலும் வாள்மேடையில் அவருக்குத் தனிச் சலுகை கிடையாது. ஆசான்களோடு பொருதுதான் ஆசான் ஆக முடிந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தேர்வில் எல்லோரையும் தோற்கடிப்பது நோக்கமன்று. எத்தனை பேர் எதிர்த்து வந்தாலும் கலங்காமல், கற்ற நெறி பிறழாமல் நிற்கிறானா என்று ஆசான்கள் பார்த்தார்கள். இன்றைய எஸ்.சி.ஏ. பட்டத்திலும் அந்த நோக்கம் தொடர்கிறது. இதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. இத்தனை புள்ளி எடுத்தால் தேர்ச்சி என்ற கணக்கும் கிடையாது. ஏற்கெனவே அந்தப் பட்டம் பெற்றவர்கள் தமக்குள் கூடிப் பேசுவார்கள். அரசரும் அரசியும் அவர்கள் கருத்தைக் கேட்டு முடிவு செய்வார்கள். வாள்திறமையில் இவர் நமக்கு நிகரானவரா என்பது முதற் கேள்வி. ஆனால் அத்துடன் முடிவதில்லை. இவர் புதியவர்க்குக் கற்றுக்கொடுக்கிறாரா? தோற்றபோது எப்படி நடந்துகொள்கிறார்? இவரோடு வாளேந்தி நிற்பவர் மனநிறைவோடு திரும்புகிறாரா? இத்தகைய கேள்விகளும் எழும்.

நடுவர் சொல்லாத தீர்ப்பு

எல்லாவற்றிலும் என்னைச் சிந்திக்க வைத்தது அவர்களுடைய ஆட்ட விதி ஒன்று. ரேப்பியர் ஆட்டத்தில் உண்மையான எஃகு வாட்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். கூர் மழுக்கி, முனையில் மூடி மாட்டியிருப்பார்கள். முகத்துக்குக் கம்பிவலைக் கவசம், கழுத்துக்குக் கெட்டியான காப்பு, உடலுக்கு எளிதில் துளைபடாத உடை. கையில் வாள் பட்டால் அந்தக் கையைப் பிறகு பயன்படுத்தக் கூடாது. காலில் பட்டால் நின்றாட முடியாது. தரையில் அமர்ந்தோ மண்டியிட்டோ ஆட வேண்டும். தலையிலோ உடலிலோ பட்டால் ஆட்டம் முடிந்தது.

சரி, பட்டதா படவில்லையா என்று யார் சொல்வது? களத்தில் 'மார்ஷல்' என்னும் கண்காணிப்பாளர் இருக்கிறார். ஆனால் அவர் வேலை பாதுகாப்பைப் பார்ப்பது. பட்டதைத் தீர்மானிப்பது அன்று. பட்டவர்தான் சொல்ல வேண்டும்! தன்மேல் வாள் பட்டதை உணர்ந்தவர், தாமே வாளைத் தாழ்த்தி, "பட்டது" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அடித்தவர் வாய் திறந்து "பட்டதே!" என்று வாதாடுவது அழகன்று. அவ்வளவு பெரிய சங்கத்தின் அவ்வளவு ஆட்டங்களும் இந்த ஒரு நம்பிக்கையின்மீது நிற்கின்றன.

இன்றைய ஒலிம்பிக் வாள்வீச்சு இதற்கு நேர்மாறானது. அங்கே வாள் பட்டதை மின்கருவி காட்டிவிடும். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 'எப்பே' வாளுக்கும், 1956இல் மெல்போர்னில் 'ஃபாயில்' வாளுக்கும், 1992இல் பார்சிலோனாவில் 'ஸேபர்' வாளுக்கும் மின்கருவி வந்துவிட்டது. நம் சென்னைப் பெண் பவானி தேவி, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸேபர் ஏந்தி, ஒலிம்பிக் வாள்வீச்சில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். முதல் ஆட்டத்தில் துனீசிய வீராங்கனையை 15-3 என்று வென்றபோது, பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் மாறி மாறி எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோமல்லவா? பதக்கமும் நாட்டின் பெயரும் பணயமாக இருக்கும் இடத்தில் கருவி வேண்டியதுதான். அதை நான் குறை கூறவில்லை. ஆனால் கருவி வருவதற்கு முன்னே, நல்ல வாள்வீரர் என்பவர் தம்மேல் பட்டதைத் தாமே 'தூஷே' என்று பிரெஞ்சு மொழியில் அறிவிப்பதே மரபு. அந்தச் சொல்லுக்குத் 'தொடப்பட்டேன்' என்று பொருள். விளக்கு எரியும் இடத்தில் அந்தச் சொல்லுக்குத் தேவை குறைந்துவிட்டது. விளக்கில்லாத எஸ்.சி.ஏ. களத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

அக்கா தன் முதல் போட்டியைப் பற்றிச் சொன்னாள். எதிரே நின்றவர் அந்தப் படத்திலிருந்த பெரியவர். வெண்பட்டை அணிந்த ஆசான். அக்காவோ பயிற்சிக்கு வந்து சில மாதங்களே ஆனவள். கண்ணை மூடித் திறப்பதற்குள் தோற்றுவிடுவோம் என்று நடுங்கிக்கொண்டே வாளை நீட்டினாளாம். வாட்கள் இரண்டு மூன்று முறை உரசின. திடீரென்று அவர் பின்னே நகர்ந்து, வாளை உயர்த்தி வணங்கி, "நன்று! உங்கள் வாள் என் விலாவில் பட்டது" என்று சொல்லிக் களத்தைவிட்டு வெளியேறிவிட்டார். அக்காவுக்குத் தன் வாள் பட்டதே தெரியாது! பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் தெரியாது. அவர் பேசாமல் இருந்திருந்தால் அடுத்த நொடியில் வென்றிருப்பார்.

"அவருக்கு ஏன் அந்த வெள்ளைப் பட்டையைத் தந்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது" என்றாள் அக்கா.

அக்கா உறங்கிவிட்டாள். எனக்கு உறக்கம் வரவில்லை.

நான் வாங்கிய கோப்பை

நான் பத்தாம் வகுப்பில் படித்தபோது நடந்தது. அணிகளுக்கிடையே கபடி இறுதி ஆட்டம். எங்கள் சிவப்பு அணி ஒரே ஒரு புள்ளியில் முந்தியிருந்தது. கடைசிப் பாட்டுக்கு நீல அணியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஏறி வந்தாள். ஒல்லியான பெண், மூச்சு மட்டும் நீளம். என் பக்கமாகப் பாய்ந்து கையை வீசினாள். நான் விலகினேன். ஆனால் அவள் விரல்நுனி என் முழங்கையில் உரசியது. கோட்டைத் தாண்டிப் போனதும் அவள், "தொட்டுவிட்டேன்" என்றாள். நடுவராக நின்ற ஆசிரியைக்கு அது தெரியவில்லை. என்னைப் பார்த்து, "பட்டதா?" என்று கேட்டார்.

"இல்லை, மிஸ்" என்றேன்.

ஆட்டம் முடிந்தது. தோழியர் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். கோப்பை எங்கள் கைக்கு வந்தது. அந்தப் பெண் அழவில்லை, சண்டை போடவுமில்லை. கை குலுக்கும்போது மட்டும் மெதுவாக, "பட்டதுதானே அக்கா?" என்றாள். நான் காதில் விழாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இது பெரிய குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். யாருடைய உயிரும் போகவில்லை, பணமும் போகவில்லை. அந்தப் புள்ளி அவர்களுக்குப் போயிருந்தால் ஆட்டம் சமநிலையில் முடிந்திருக்கும். மறு ஆட்டத்தில் நாங்களே வென்றிருக்கவும் கூடும். உண்மைதான். ஆனால் அன்று களத்தில் ஒரே ஒருத்தியிடம் உண்மை ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்த ஒருத்தி நான். என்னை நம்பித்தான் ஆசிரியை கேட்டார். அந்த நம்பிக்கையை விற்று நான் ஒரு கோப்பை வாங்கினேன். அதைவிட மலிவான வியாபாரம் உண்டா?

மறுப்புகளும் என் கருத்தும்

இந்த எஸ்.சி.ஏ. பட்டத்தைப் பற்றி என் வகுப்புத் தோழியரிடம் சொன்னபோது மூன்று மறுப்புகள் எழுந்தன. அவற்றுக்குப் பதில் சொல்வது என் கடமை.

"இல்லாத அரசர் இல்லாத நாட்டில் கொடுக்கும் பட்டத்துக்கு என்ன மதிப்பு?" என்றாள் ஒருத்தி. அரசர் வேடம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலாவில் பட்ட வாள் வேடமன்று. தோல்வியை ஏற்றுக்கொண்டு வெளியேறிய அந்த மனம் வேடமன்று. வேலை முடிந்த மாலைகளில் புதியவர்களுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கும் உழைப்பும் வேடமன்று. நம் ஆண்டு விழா நாடகத்தில் அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டாலும் ஒத்திகைக்கு நேரத்தில் வருபவளும் வராதவளும் உண்மையில் வேறானவர்கள்தானே?

"அந்த இடைக்காலம் அவ்வளவு நல்ல காலமா?" என்றாள் இன்னொருத்தி. இல்லவே இல்லை. நிலத்தோடு கட்டப்பட்டு உழைத்த குடியானவர்களும், ஓயாத போர்களும், கொள்ளைநோயும் நிறைந்த காலம் அது. வீரர் பட்டம் பூண்டவர்கள் எல்லோரும் நீதிமான்களாகவும் இருக்கவில்லை. அந்தக் காலத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்தால் நாம்தான் முதலில் ஓடிப்போக வேண்டும்! ஆனால் இந்தச் சங்கத்தார் அந்தக் காலத்தின் கொடுமைகளை ஒதுக்கிவிட்டு, அது ஏட்டில் போற்றியும் நாட்டில் காக்கத் தவறிய நற்பண்புகளை எடுத்துப் பயில முயல்கிறார்கள். பெண்களின் இடமே இதற்குச் சான்று. ஒலிம்பிக் வாள்வீச்சில் பெண்களுக்கு 1924இல் ஃபாயில் வாள் ஒன்றுதான் கிடைத்தது. எப்பே வாளுக்கு 1996 வரையும், ஸேபர் வாளுக்கு 2004 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. எஸ்.சி.ஏ. களத்திலோ ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் எதிரெதிரே நிற்கிறார்கள். பட்டம் கொடுக்கும்போதும் அதே அளவுகோல்தான். நம் அக்காவின் வாள் பட்டதென்று அந்தப் பெரியவர் ஒப்புக்கொண்டபோது, "ஒரு பெண்ணிடமா தோற்றேன்?" என்ற வெட்கம் அவரிடம் இல்லை.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. "மூடிய அறையில் சிலர் பேசி முடிவு செய்தால் வேண்டியவர்க்குத்தானே பட்டம் போகும்?" என்றாள் எங்கள் வகுப்புத் தலைவி. நியாயமான அச்சம். தகுதி இருந்தும் அழைப்பு வராமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் அங்கேயும் உண்டு என்று அக்கா ஒளிக்காமல் சொன்னாள். தமக்குப் பின் வந்தவர் கழுத்தில் வெண்பட்டை விழும்போது கைதட்டுவது எளிதா? மனிதர் கொடுக்கும் எந்தப் பரிசிலும் இந்தக் குறை இருக்கத்தான் செய்யும். ஆயினும் ஒன்று சொல்வேன். புள்ளிகளை மட்டும் எண்ணும் முறை, என்னைப் போன்றவளுக்கும் கோப்பையைக் கொடுத்துவிடும். உடன் ஆடியவர்களைக் கேட்டுக் கொடுக்கும் முறை, அப்படி எளிதில் ஏமாறாது. நடுவரை ஏமாற்றலாம், எதிரே நின்றவளை ஏமாற்ற முடியுமா? அவள் விரலுக்குத் தெரியுமே!

விழித்திருக்கும் நேரம்

பட்டம் பெறுவதற்கு முன்னே நடைபெறும் ஒரு வழக்கத்தை நான் சொல்லாமல் விட முடியாது. பழங்காலத்தில் வீரர் பட்டம் பெறவிருக்கும் இளைஞன் நீராடி, தூய ஆடை உடுத்து, தன் படைக்கலங்களைப் பீடத்தருகே வைத்து, இரவு முழுவதும் கோயிலில் விழித்திருந்து மன்றாடும் வழக்கம் உண்டு. நமக்கு நன்கு தெரிந்த ஒருவர் அப்படி விழித்திருந்தார். 1521ஆம் ஆண்டு பாம்ப்ளோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டால் காலில் காயம்பட்ட லொயோலா இஞ்ஞாசியார், மறு ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இரவு, ஸ்பெயின் நாட்டு மொன்செராட் மலைக்கோயிலில் தேவமாதாவின் திருமுன் விழித்திருந்தார். விடிந்தபோது வாளையும் குறுவாளையும் அங்கேயே விட்டுவிட்டுப் புறப்பட்டார். அந்த விழிப்பு அவருக்குப் புதிய வாழ்வின் வாசலாக அமைந்தது.

சமயச் சார்பற்ற எஸ்.சி.ஏ.விலும் அந்த விழிப்பின் நிழல் இருக்கிறது. பட்டத்துக்கு அழைக்கப்பட்டவர் ஒரு கூடாரத்திலோ அறையிலோ அமர்ந்திருப்பார். நண்பர்களும் ஆசான்களும் ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சில நிமிடங்கள் தனியே பேசுவார்கள். வாழ்த்து மட்டுமல்ல, அறிவுரையும் சொல்வார்கள். "உன் கோபத்தைக் கவனி" என்று சொல்பவரும் உண்டு. "என்னைப் போன்ற புதியவளை மறந்துவிடாதீர்கள்" என்று சொல்பவரும் உண்டு. வெளியே காத்திருப்போருக்குத் தோழர்கள் உணவு பரிமாறுவார்கள். பிறகுதான் சபை கூடும். அவரைப் பற்றி அறிந்தவர்கள் எழுந்து சாட்சி சொல்ல, வெண்பட்டை அவர் தோளில் விழும். சித்திர எழுத்தில் கையால் எழுதிய பட்டயமும் வழங்கப்படும்.

எண்ணிப் பாருங்கள், தோழியரே! மேடையேறுவதற்கு முன் ஒருநாள், நம்மோடு ஆடியவர்களும் படித்தவர்களும் ஒவ்வொருவராக வந்து நம் எதிரே அமர்ந்து, நம் நிறையையும் குறையையும் சொன்னால் எப்படியிருக்கும்? என் முன்னே அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் வந்து அமர்ந்திருந்தால் நான் அந்தக் கோப்பையை வாங்கியிருப்பேனா?

பட்டம் பெற்றபின்னும் ஓய்வில்லை. சொல்லப்போனால் அப்போதுதான் வேலை தொடங்குகிறது. ஆசானிடம் முறைப்படி மாணவராகச் சேர்வோரை 'புரோவோஸ்ட்' என்று பல இடங்களில் அழைக்கிறார்கள். பழைய லண்டன் கழகத்தின் துணை ஆசானுக்கு இருந்த அதே பெயர் அது. அவர்களை வளர்ப்பதும், அடுத்தவர் தகுதியைப் பொறாமையின்றி எடைபோடுவதும் வெண்பட்டை அணிந்தவரின் பொறுப்பு. அத்துடன் எல்லோர் கண்ணும் இனி அவர்மீதே இருக்கும். மற்றவர் ஒருமுறை பட்டதை மறைத்தால் பிழை. வெண்பட்டை அணிந்தவர் மறைத்தால் அந்தப் பட்டையே கறைபடும். உயர்ந்த பட்டம் என்பது கழுத்துக்கு அணி மட்டுமன்று, மனத்துக்குக் கடிவாளமும் ஆகும் என்பது என் கருத்து.

நமக்கு ஒரு வேண்டுகோள்

நம் பள்ளியிலும் இத்தகைய பரிசு ஒன்று வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டு விழாவில் வேகமாக ஓடியவளுக்கும் உயரமாகத் தாண்டியவளுக்கும் இப்போதுபோலவே பரிசு கொடுப்போம். அவற்றோடு, எதிரணியினர் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு பரிசையும் வைப்போம். சிவப்பு அணிப் பெண்ணுக்குச் சிவப்பு அணி வாக்களிக்கக் கூடாது. மற்ற அணியினர்தான் சொல்ல வேண்டும். கோப்பை வேண்டாம், ஒரு வெள்ளை நாடா போதும். அதைப் பெறுபவள் அடுத்த ஆண்டு முழுவதும் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஒன்றே விதி. கோப்பை வாங்கியவளைவிட அந்த நாடாவை வாங்கியவளைத் தங்கைமார் அதிகமாக நினைவில் வைத்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி என் கதையின் மீதி. பள்ளி திறந்த முதல் நாளே அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். இப்போது அவள் பதினோராம் வகுப்பு. என்னைவிட உயரமாகிவிட்டாள். மைதானத்து வேப்பமரத்தடியில் நிறுத்தி, "அன்றைக்குப் பட்டது. பொய் சொன்னேன். மன்னித்துவிடு" என்றேன். அவள் சிறிது நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "எனக்குத் தெரியும் அக்கா. நான்தான் தப்பாக நினைத்துவிட்டேனோ என்று சில நாள் குழம்பிப் போயிருந்தேன்" என்றாள்.

அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. நான் அவளிடமிருந்து ஒரு புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. தன் விரலையே அவள் சந்தேகிக்கும்படி செய்திருக்கிறேன். ஆசிரியையிடமும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "இதை எல்லோரும் படிக்கும்படி எழுது" என்று மட்டும் சொன்னார். அதனால்தான் எழுதினேன்.

ஆண்டுதோறும் துடைத்து வைக்கப்படும் அந்தக் கோப்பை அலமாரியில் இன்னும் இருக்கிறது. அதன்மீது எங்கள் அணியின் பெயர் பொறித்திருக்கிறது. இந்த ஆண்டு நடக்கும் இறுதி ஆட்டத்தில் நானும் ஆடுகிறேன். எதிரணியில் அவளும் ஆடுகிறாள். வெற்றி யாருக்கோ, நான் அறியேன். ஆனால் அவள் விரல் என்மேல் பட்டால், நடுவர் கேட்கும்முன் நானே கையை உயர்த்தி "பட்டது!" என்று சொல்வேன். நீங்களும் வந்து பாருங்கள்.